விழுந்ததும் விழுத்தியதும்

பூவரச மரத்தடியில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். கச்சான் என்னும் வறண்ட தரைக்காற்று அடிக்கும் மாதம். தென்னோலைக் கிடுகுக் கூரைக்குக் கீழே வெக்கை தாங்க ஏலாமல் வகுப்பை வெளியே கொண்டுவந்திருந்தேன்.

முக்காலியின் விளிம்பில் ஒரு சிரட்டையை வைத்தேன். காற்று தள்ளியது. சிரட்டை மணலில் விழுந்தது.

என்ன நடந்தது என்று கேட்டேன். சிரட்டை விழுந்தது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சிரட்டையை எடுத்து மறுபடி வைத்து, முன்னால் இருந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுத் தட்டிவிடச் சொன்னேன். இப்போது என்ன நடந்தது? பரமேசு சிரட்டையை விழுத்தினான்.

பிள்ளைகளுக்கு அது விளங்கிவிட்டது. தானாக நடந்தது ஒன்று, ஒருவர் செய்தது இன்னொன்று. இனி நீங்கள் சொல்லுங்கள் என்றேன். மண்முட்டி உடைந்தது, அக்கா மண்முட்டியை உடைத்தா. கயிறு அறுந்தது, அப்பா கயிற்றை அறுத்தார். ஒவ்வொரு சோடிக்கும் சிரிப்பு. தோணி கவிழ்ந்தது என்று ஒருவன் சொன்னபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. கடற்கரைப் பிள்ளைகள் அந்தச் சொல்லுக்குச் சிரிப்பதில்லை.

பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை எழுந்தது.

"வாடி எரிஞ்சது. கணபதி மாமா வாடியை எரிச்சவர்."

பிழையே இல்லாத சோடி. ஆனால் வாடி என்ற அந்த வலைக்கொட்டில் கரையில் உண்மையிலேயே எரிந்திருந்தது. சரி என்றும் சொல்ல முடியவில்லை, பிழை என்றும் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் தவமணி எழுந்து நின்றாள். பல நாட்களாக வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை.

"இல்லை. அவர் எரிக்கேல்ல. விளக்கு விழுந்தது."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஒரு கரையோரக் கிராமம்

ஆசிரியையாக என் முதல் நியமனத்தைப் பற்றிப் போன கிழமை எழுதியிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இது நடந்தது. சல்லிக்கு வடக்கே, நிலாவெளிக்குப் போய்ச் சேருமுன் உள்ள ஒரு சின்ன ஊர். பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே எப்படி இருக்கிறார்களோ, யார் கண்டது. ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பதினைந்து வருடங்கள் கழிந்திருந்த காலம். திருகோணமலைப் பட்டினத்தில் எங்கள் வீடு. காலையில் குச்சவெளி பஸ்ஸில் ஏறி, பெருந்தெருவில் இறங்கி, தாழம்புதர்களுக்கு நடுவே மணல் ஒழுங்கையால் நடந்து போவேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டால்தான் நடக்கலாம். கருவாட்டு மணம் பள்ளிக்கூடத்துக்கு முன்னமே வந்து எதிர்கொள்ளும். முதல் மாதம் அது குமட்டியது. பிறகு அது இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் என்னவோ குறைவது போல இருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் என்று இருந்தது நானும் தலைமை ஆசிரியர் கபூர் மாஸ்டரும்தான். அவர் கிண்ணியாக்காரர். துறை கடந்து, பஸ் மாறி, எனக்கு முன்னமே வந்து மணியடித்துவிடுவார். பெரிய வகுப்புகள் அவருக்கு, சின்ன வகுப்புகள் எனக்கு. இரண்டுக்கும் நடுவே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு தட்டி.

செய்கைச் சொல்

வினைச்சொல் என்ற பெயரை நான் சின்னப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. செய்கைச் சொல் என்பேன். செய்துகாட்ட முடிந்தால் அது செய்கைச் சொல், அவ்வளவுதான்.

இதை எனக்குப் பயிற்சிக் கல்லூரி கற்றுத்தரவில்லை. என் ஐயா துறைமுகத்தில் கப்பலுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் பகுதியில் மேற்பார்வை பார்த்தவர். சிறுமியாக இருந்தபோது அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அங்கே கேட்டதெல்லாம் செய்கைச் சொல்தான். தூக்கு, இறக்கு, இழு, விடு, பிடி, நில். யாரும் யாருடைய பெயரையும் சொல்லமாட்டார்கள். சொல் விழுந்த கணத்தில் அத்தனை கைகளும் அசையும். ஒரு சொல் பிந்தினால் ஒருவன் கால் நசுங்கிவிடும் என்று ஐயா சொல்வார்.

அதனால் என் வகுப்பிலும் பிள்ளைகள் சொல்லைச் செய்தார்கள். ஓடு என்றால் ஓடினார்கள். குனி, நிமிர், எறி, பொறுக்கு. பிறகு மூச்சிரைக்க வந்து நின்று, என்ன செய்தோம் என்று சொன்னார்கள். கபூர் மாஸ்டரின் வகுப்புப் பிள்ளைகள் தட்டிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் பிரம்பால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். ஆனால் ஒருநாளும் என்னை நிறுத்தச் சொன்னதில்லை.

ஒருமுறை கல்விக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி, நேற்று நீ என்ன செய்தாய் என்று ஒரு பிள்ளையிடம் கேட்டார். "நான் கடலுக்குப் போனனான்" என்றது அது. போனேன் என்று சொல்லப் பழக்குங்கள் என்று என்னைக் கண்டித்துவிட்டுப் போனார். பழக்கினேன். பிள்ளைகள் பாட்டில் 'போனேன்' என்பார்கள், வாசிப்பில் 'போனேன்' என்பார்கள். உண்மையிலேயே போய்விட்டு வந்து சொல்லும்போது 'போனனான்' என்பார்கள். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

வாடி எரிந்த பொழுது

தவமணியின் தகப்பன் சின்னத்தம்பியருக்குச் கரையில் நின்று இழுக்கும் கரைவலை சொந்தமாக இருந்தது. வலைகளை வைக்கக் கரையில் ஒரு வாடி, கிடுகால் வேய்ந்த பெரிய கொட்டில். கணபதி அவருடைய வலையில் பல வருடங்களாக வேலை செய்தவர். வயதில் மூத்தவர். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் வரும் பக்கத்தைச் சொல்லிவிடுவார் என்பார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான், அதிலும் பிள்ளைகள் நுழைந்துபோக ஒரு பொட்டு வழி.

ஒருநாள் வலை வளைப்பதில் வாய்த்தர்க்கம். கணபதி ஒரு பக்கம் சொல்ல, சின்னத்தம்பியர் மறுபக்கம் விட்டார். வலை வெறுமையாக வந்தது. எல்லோர் முன்னாலும் சின்னத்தம்பியர் அவரை ஏசிவிட்டார். கணபதியும் கோபத்தில், உன்னுடைய வலை இனிக் கடல் காணாது என்று சொல்லிவிட்டுக் கரையேறிப் போனார்.

அன்று பொழுதுபடும் நேரம் வாடி எரிந்தது.

கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். ஆட்கள் வாளியோடு ஓடிவர முன்னமே கூரை இறங்கிவிட்டதாம். மறுநாள் காலை நான் ஒழுங்கையால் போகும்போது இன்னும் புகைந்துகொண்டிருந்தது. நைலோன் வலை ஊருக்கு வரத் தொடங்கியிருந்த காலம். அது உருகிக் கறுத்துக் கட்டிகட்டியாகக் கிடந்தது. அந்த நாற்றம் என் சேலையில் ஏறி, தோய்த்த பிறகும் இருந்தது.

யார் செய்தது என்று யாரும் தேடவில்லை. அதுதான் கணபதி தன் வாயால் சொல்லிவிட்டாரே.

பொலிஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. கண்டவர் யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பியது. ஊர் அப்படி விடவில்லை. எந்தத் தோணியிலும் அவருக்கு இடமில்லை. கடைக்கு அவர் போனால் பேச்சு நின்றுவிடும். பொதுக் கிணற்றில் அவருடைய மனைவி குடத்தோடு நிற்க, மற்றப் பெண்கள் கயிற்றைக் கையில் பிடித்தபடி கதைத்துக்கொண்டே நின்றார்களாம். ஏச்சும் இல்லை, சண்டையும் இல்லை. கயிறு கைமாறவில்லை, அவ்வளவுதான்.

வெறுமையான இடம்

கணபதியின் மகள் சிவகாமியும் என் வகுப்பில்தான் இருந்தாள். தவமணியும் அவளும் எப்போதும் ஒரே பாயில், தோளோடு தோள். ஒருத்தியின் சிலேட்டை மற்றவள் எச்சில் தொட்டு அழிப்பாள். அதற்காக நான் இருவரையும் ஏசியிருக்கிறேன்.

வாடி எரிந்த பிறகு மற்றப் பிள்ளைகள் சிவகாமியை விட்டு விலகி உட்கார்ந்தார்கள். வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் பாய்களை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் விலகுவது போல மறுபடி விலகினார்கள். தவமணி மட்டும் விலகவில்லை. ஆனால் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பிறகு ஒருநாள் சிவகாமி வரவில்லை. கணபதி குடும்பத்தோடு இறக்கக்கண்டிக்கு, மனைவியின் தமையன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று கபூர் மாஸ்டர் சொன்னார். தவமணி பாயில் அந்தப் பாதியை விட்டுவிட்டே உட்கார்ந்தாள். வேறு பிள்ளையை அங்கே இருத்தினால், எழுந்துபோய் மணலில் இருந்தாள்.

வீட்டின் பெரிய வலை எரிந்த துக்கம் என்று நினைத்தேன். குடும்பமே இடிந்துபோயிருந்தது. தாய் பூரணம் தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் ஈடு வைத்துவிட்டாள் என்று கேள்வி. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை பேசாமல் இருப்பதில் என்ன புதினம்?

வேலியோரம்

அந்தப் பூவரச மரத்தடிக்குத் திரும்பி வருகிறேன்.

பிள்ளைகளை எழுத வைத்துவிட்டுத் தவமணியைக் கூட்டிக்கொண்டு பின்பக்க வேலியோரம் போனேன். அவளுக்கு முன்னால் மணலில் குந்தி இருந்தேன்.

விளக்கு விழுந்தது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கால் பெருவிரலால் மணலைக் கிண்டிக்கொண்டே நின்றாள். நான் வேறொன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

"விழேல்ல ரீச்சர்," என்றாள் கடைசியில். "நான் விழுத்தினனான்."

பிறகு எல்லாம் வந்தது. வாடியின் மூலையில் ஒரு பழைய மீன்பெட்டிக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. அது அவளுக்கும் சிவகாமிக்கும் மட்டும் தெரிந்த செய்தி. பொழுதுபட்டதும் குப்பி விளக்கை எடுத்துக்கொண்டு தனியே பார்க்கப் போயிருக்கிறாள். குட்டிகளுக்கு மேல் விளக்கைப் பிடித்தபோது தாய்ப்பூனை பாய்ந்தது. கையை உதறியதில் விளக்கு விழுந்தது. எண்ணெய் சிந்தி வலையில் தீப் பிடித்துவிட்டது. ஓடிப்போய் வீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"குட்டியளை எடுக்கேல்ல ரீச்சர்," என்றாள். "நான் ஓடினனான்."

அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். வாடிக்காகவோ அடிக்குப் பயந்தோ அவள் அழவில்லை. அத்தனை நாளும் அந்தப் பெட்டியை நெஞ்சுக்குள் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை.

கபூர் மாஸ்டரின் பதில்

பள்ளிக்கூடம் விட்ட பிறகு கபூர் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். நாம் இருவரும் வெளியூர் ஆட்கள், ஊர்ச் சண்டைக்குள் கால் வைத்தால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வராமல் போவார்கள் என்றார். அதுவும் உண்மைதான். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை சேர்க்க அவர் வீடு வீடாக நடந்த நடை எனக்குத் தெரியும்.

அப்படியானால் கணபதியின் பாடு என்ன என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள உங்கள நம்பிச் சொன்னது," என்றார். "அத நாம எடுத்து ஊருக்குச் சொல்ல ஏலா ரீச்சர். சொல்லாம இருக்கவும் ஏலா. புள்ளட வாயால வரணும். வந்தா, பக்கத்துல நிக்கிறதுதான் நம்மட வேல."

மறுநாள் தவமணியிடம் பேசினேன். அப்பாவிடம் சொல்ல விருப்பமா, நான் கூட வருவேன் என்றேன். சொன்னால் சிவகாமி திரும்பி வருவாளா என்று கேட்டாள். வருவாள் என்று சொல்வது மிகவும் சுலபமாக இருந்திருக்கும். எனக்குத் தெரியாது என்றேன். அவள் சிலேட்டை என்னிடம் தந்துவிட்டு, போவோம் என்றாள்.

கரையில்

சின்னத்தம்பியர் தென்னைகளுக்குக் கீழே, யாரோ கொடுத்த பழைய வலையொன்றின் கிழிசலை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து ஆட்கள். என்னைக் கண்டதும் எழுந்து, வாங்கோ ரீச்சர் என்றார். குரல் பெரிய மனிதர். அலைக்கு மேலால் கேட்கும் குரல். கபூர் மாஸ்டர் எனக்குப் பின்னால் ஒரு எட்டுத் தள்ளி நின்றார். வருவதாக அவர் முன்பு சொல்லியிருக்கவில்லை.

தவமணி என் கையை விட்டுவிட்டுத் தகப்பனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, வாடியை எரிச்சது கணபதி மாமா இல்லை. நான் விளக்கை விழுத்தினனான்."

வலை ஊசிகள் நின்றன. பின்னால் ஒருவர், ரீச்சர் படிப்பித்து விட்டிருக்கிறா என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. கணபதி எனக்கு ஏதோ தந்தார் என்று அடுத்த கதை கிளம்பும் என்பது எனக்குத் தெரிந்தது.

சின்னத்தம்பியர் மகளைப் பார்த்தார்.

"ஆர் உனக்கு இப்பிடிச் சொல்லச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. பூனை குட்டி போட்டிருந்தது. மூலையில, மீன்பெட்டிக்குள்ள. பாக்கப் போனனான்."

அந்த முகம் மாறியதை நான் கண்டேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்துப் பிள்ளையை இழுத்துக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் கையில் இருந்த ஊசி மெல்லக் கீழே இறங்கியது.

"பெட்டிக்குள்ளயோ?" என்றார். குரலே இல்லை.

"ஓம் அப்பா."

சாம்பலை அள்ளும்போது மூலையில் எரிந்துபோன பெட்டியையும் அதற்குள் இருந்தவற்றையும் அவர்தான் கண்டிருக்கிறார். ஒருவருக்கும் சொல்லாமல் எடுத்துப்போய்த் தென்னையடியில் புதைத்திருக்கிறார். பூனை என்றால் மகளுக்கு உயிர், கேள்விப்பட்டால் அழுவாள் என்று மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. இதெல்லாம் பிற்பாடு பூரணம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நாங்கள் கண்டது, அந்தப் பெரிய மனிதர் மணலில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டதை மட்டும்தான்.

அடிக்கவில்லை. பிறகு ஒரு கையை நீட்டினார். தவமணி போய் அந்தக் கைக்குள் நின்றாள்.

முணுமுணுத்தவரும் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து தண்ணீர்ப் பக்கம் போனார்கள்.

இறக்கக்கண்டி

அடுத்த சனிக்கிழமை சின்னத்தம்பியரும் தவமணியும் நானும் குச்சவெளி பஸ்ஸில் போனோம். தனியே போக அவருக்கு முகம் இல்லை, ரீச்சரும் வாங்கோ என்று சின்னத்தம்பியர் கேட்டிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வழி முழுவதும் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புப் பூத்த வெளி. தவமணி என் மடியில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

கணபதி முற்றத்தில் நின்றார். என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து நிழலில் வைத்தார். சின்னத்தம்பியரை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் சிவகாமி நிற்பது பாதித் தெரிந்தது.

சின்னத்தம்பியர் பேச வாய் திறந்தார். அதற்குள் தவமணி முன்னால் போய், கரையில் சொன்னதை அப்படியே மறுபடி சொன்னாள். விளக்கு, பூனை, எண்ணெய், ஓடியது. இந்த முறை அழவில்லை.

கணபதி கேட்டுக்கொண்டே நின்றார். எல்லாம் சொல்லி முடிந்த பிறகு குனிந்து, அவளுக்குச் சமனாக இருந்தார்.

"உனக்குச் சுட்டதோ, பிள்ளை?"

தவமணி வலது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு, ஆறி மினுங்கிக்கொண்டிருந்தது. கஞ்சிப்பானையில் பட்டது என்று தாயிடம் சொல்லியிருந்தாளாம். சின்னத்தம்பியர் அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்த்தார். நானும்தான். கணபதி அந்தத் தழும்பைப் பெருவிரலால் ஒருமுறை தடவிவிட்டுக் கையை விட்டார்.

சின்னத்தம்பியர் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"அண்ணை, வாங்கோ. வீட்டை வாங்கோ. என்ர தோணியில ஏறுங்கோ."

"நீ வந்தது நல்லது," என்றார் கணபதி. "ஆனா நான் வரேல்ல, சின்னத்தம்பி. என்ர மனிசி அந்தக் கிணத்தடியில வெறுங்குடத்தோட நிண்டவள். அதை நான் தூர நிண்டு கண்டனான்."

கணபதி தென்னையில் இளநீர் வெட்டிச் சீவித் தந்தார். சின்னத்தம்பியருக்கும் தந்தார். அவர் அதை இரு கைகளாலும் வாங்கினார். புறப்படும்போது தவமணி கதவுப் பக்கம் பார்த்தபடி நின்றாள். சிவகாமி வெளியே வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது தவமணி என்னிடம், அவ கதைக்கேல்ல ரீச்சர் என்று மட்டும் சொன்னாள்.

பெயர் போனது

சின்னத்தம்பியர் கோயில் வளவில் நாலு பேரைக் கூட்டி, விளக்கு விழுந்துதான் வாடி எரிந்தது, கணபதி அண்ணையில் பிழை இல்லை என்று சொன்னார். ஊர் கேட்டுக்கொண்டது. பெட்டைப் பிள்ளை, நாளைக்கு வாழ வேண்டியவள் என்று தவமணியின் பெயரை யாரும் வெளியே எடுக்கவில்லை. கரையில் நின்று கேட்டவர்களும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். அதில் ஒரு நல்ல மனம் இருந்தது.

ஆனால் கதை என்பது அப்படி. விளக்கை விழுத்தியது யார் என்பதற்கு ஆள் இல்லாமல் போகவே, கொஞ்சக் காலத்தில் பழைய ஆளே அந்த இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டார். ஊர் பிள்ளையின் பெயரைக் காப்பாற்றியது. கணபதியின் பெயரைக் காப்பாற்ற மறந்துவிட்டது.

எனக்குப் பட்டினத்துக்கு மாற்றம் கிடைத்தது. கலியாணம், பிள்ளைகள், வேறு பள்ளிக்கூடங்கள். தவமணி பெரியவளாகி, சல்லியில் கலியாணம் முடித்து, கோயில் திருவிழாக்களில் என்னைக் கண்டால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள்.

சுதந்திரம் கிடைத்து முப்பது வருடங்களும் கழிந்திருக்கும். ஒரு காலைப் பொழுதில் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கணபதி மாமா மோசம் போய்விட்டார், செத்த வீட்டுக்கு நீங்களும் வாருங்கள் ரீச்சர் என்றாள். அதே பஸ், அதே கடல் பக்கம். சின்னத்தம்பியர் நரைத்து ஒடுங்கிப்போய் முன் ஆசனத்தில் இருந்தார்.

இறக்கக்கண்டி வீட்டு முற்றத்தில் பந்தல். சனம் நிறைய. தவமணி பிறந்த ஊர் ஆட்களும் வந்திருந்தார்கள். சடங்குகள் முடிந்து பிரேதத்தைத் தூக்கப் போகும் நேரம். அந்த ஊர் இளந்தாரி ஒருவன், வாடி எரியும்போது பிறந்தும் இருக்கமாட்டான், பக்கத்தில் நின்றவனிடம், வாடியை எரிச்ச கணபதி என்பது இவர்தானோ என்று கேட்டான். மெல்லத்தான் கேட்டான். பறைமேளம் ஒரு கணம் ஓய்ந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

தவமணி எனக்குப் பக்கத்தில் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஆண்களுக்கு நடுவே போனாள். செத்த வீட்டில் பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

"வாடியை எரிச்சது நான்," என்றாள். "சின்னத்தம்பியற்ற மகள். ஏழு வயசில விளக்கை விழுத்தினது நான். இந்த மனிசன் ஒண்டும் செய்யேல்ல. எங்கட ஊர்ச் சனம் எல்லாரும் கேளுங்கோ."

அவளுடைய புருசன் கூட்டத்துக்குள் நின்றார். தலையைக் குனியவில்லை. அவரிடம் முன்னமே சொல்லியிருந்தாள் என்று பிறகு அறிந்தேன். அந்த இளந்தாரி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிலத்தைப் பார்த்தான். கணபதியின் மைத்துனர் சின்னத்தம்பியரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், பாடையின் முன்பக்கத்தில் ஒரு கொம்பைக் கொடுத்தார். ஒடுங்கிய அந்தத் தோள் அதைத் தாங்குமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. தாங்கியது.

பெண்கள் பிரேதம் கிடந்த இடத்தைச் சுற்றி, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக இருந்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவமணி திரும்பி வந்து வட்டத்துக்கு வெளியே, என் பக்கத்தில் நின்றாள்.

வட்டத்துக்குள் இருந்து சிவகாமி எழுந்தாள். தலைமயிர் அவிழ்ந்து முகத்தில் கிடந்தது. தவமணியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அவளுடைய கழுத்தைச் சுற்றிப் பிடித்து, இழுத்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தினாள். மற்றப் பெண்கள் இடம் விட்டு நெருங்கி உட்கார்ந்தார்கள்.

இருவரும் தலையோடு தலை முட்டி அழுதார்கள். தெருவில் பறைமேளம் தூரம் போய்க் கேட்காமல் போன பிறகும் அழுதார்கள். போவோம் என்று நான் அவளைக் கூப்பிடவில்லை. முற்றத்தில் கிடந்த கதிரையொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்கள் எழும்பும் வரைக்கும் இருந்தேன்.